கால்வாய்க் கரை, ரயில் தடம், காட்டுச் சாலை: அப்பலாச்சிய மலைகளில் நான்கு கிராவல் பாதைகள்

கிழக்கு அமெரிக்காவில் கிராவல் சைக்கிள், அதாவது சரளைச் சாலைக்கென அமைந்த சைக்கிள், ஓட்டுபவர்களிடம், ஆற்றுப் பள்ளத்தாக்கும் மலைக்காடும் சேர்ந்து கிடைக்கும் நல்ல சரளைப் பாதை எது என்று கேட்டால், பெரும்பாலும் நான்கு பெயர்களே திரும்பத் திரும்ப வரும்: பிட்ஸ்பர்கிலிருந்து கம்பர்லேண்டு வரை செல்லும் கிரேட் அலிகேனி பாசேஜ், கம்பர்லேண்டிலிருந்து வாஷிங்டன் வரை பொட்டோமேக் ஆற்றை ஒட்டியே செல்லும் சி அண்ட் ஓ (செசபீக் அண்ட் ஒஹாயோ) கால்வாய்க் கரைப்பாதை, வடக்குப் பென்சில்வேனியாவின் பைன் கிரீக் ரயில் தடம், மத்தியப் பென்சில்வேனியாவில் சஸ்குவெஹானா ஆற்றுக்கு மேற்கே விரியும் பால்ட் ஈகிள் மாநிலக் காட்டின் சாலைகள். இவற்றை நீளத்தையும் புகைப்படங்களையும் வைத்து ஒப்பிடுவதே வழக்கமாக இருக்கிறது. அது போதாது என்பது என் கருத்து. ஒரு பாதை முதலில் எந்தச் சுமைக்காகப் போடப்பட்டது என்று பார்த்தால்தான் அதன் ஏற்றமும், தரையும், மழைக்குப் பிறகு அது இருக்கும் நிலையும் விளங்கும். படகை இழுக்கும் கோவேறு கழுதை நடக்கப் போட்ட பாதை, ரயில் ஓடப் போட்ட பாதை, மரம் ஏற்றிய வண்டி ஏறி இறங்கப் போட்ட பாதை ஆகியவை ஒரே சைக்கிளில் போனாலும் மூன்று வெவ்வேறு பயணங்களாகிவிடுகின்றன.

கால்வாய்க் கரைப்பாதையின் நீளம் 184.5 மைல், அதாவது ஏறத்தாழ 297 கிலோமீட்டர். 1828இல் தோண்டத் தொடங்கிய கால்வாய் 1850இல் கம்பர்லேண்டை எட்டியது. 1924ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு அதில் படகுகள் ஓடவில்லை. பின்னாளில் அந்தத் தடத்தில் கார் சாலை அமைக்கும் திட்டம் எழுந்தபோது, உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் 1954இல் அதன் முழு நீளத்தையும் நடந்தே கடந்து மக்களின் கவனத்தைத் திருப்பினார். 1971இல் அது தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது. படகுகளைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் 74 மதகுகள் வழியாக மொத்தம் 605 அடி, அதாவது ஏறத்தாழ 184 மீட்டர் மட்டுமே உயரும் இந்தப் பாதையில், ஏற்றம் முழுவதும் மதகுகளை ஒட்டிய சிறு மேடுகளில் அடங்கிவிடுகிறது. இரண்டு மதகுகளுக்கு நடுவே தரை நீர்மட்டம் போலச் சமமாக இருக்கும். புதியவர்களுக்கு இது எளிதாகத் தோன்றும். ஆனால் இறக்கம் என்ற ஒன்றே இல்லாத பாதையில் மிதிப்பதை நிறுத்த இடமில்லை, உட்கார்ந்த நிலையும் மாறாது. அதனால் நாள் முழுவதும் ஓட்டும்போது, மலையேற்றத்தில் வராத வலி இங்கே இடுப்பிலும் மணிக்கட்டிலும் வரும்.

இதன் பெரிய குறை மண். பல பகுதிகளில் தேசியப் பூங்காத் துறை சல்லிப்பொடி இட்டுத் தரையைச் சீராக்கியிருக்கிறது என்றாலும், களிமண்ணும் மரவேரும் குழியுமாக இருக்கும் நீண்ட பகுதிகள் இன்னும் உண்டு. இரண்டு நாள் மழை பெய்தால் அங்கெல்லாம் சேறு டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே அடைத்துக்கொள்ளும். மேரிலாந்தில் பிக் பூலிலிருந்து லிட்டில் ஆர்லியன்ஸ் வரை இதற்கு இணையாக 28 மைல் நீளத்துக்குத் தார் போட்ட வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில் தடம் ஓடுவது மழைக்காலத்தில் பெரிய உதவி. இத்தனைக்கும் பிறகு இந்தப் பாதையை நான் ஒதுக்காமல் இருப்பதற்கு முதல் காரணம் பாபா சுரங்கம். படகுகள் செல்வதற்காக ஒரு குன்றைக் குடைந்து, 3,118 அடி நீளத்துக்கு, 1836இல் தொடங்கி 14 ஆண்டுகளில் கட்டி முடித்த சுரங்கம் அது; உள்ளே செங்கல் மட்டும் அறுபது லட்சம். சைக்கிளை உருட்டிக்கொண்டு விளக்கோடு நடக்கும்போது, கால்வாய்ப் பக்கத்துக் கைப்பிடி மரத்தில் படகுக் கயிறு உராய்ந்து அரித்த பள்ளங்களை விரலால் தடவிப் பார்க்கலாம். இரண்டாவது காரணம் தங்குமிடம். நடந்தோ சைக்கிளிலோ வருபவர்களுக்காகச் சில மைல்களுக்கு ஒன்று என்று கட்டணமில்லாத கூடாரத் தளங்கள் இருக்கின்றன. குளிர்காலம் தவிர மற்ற மாதங்களில் கைப்பம்பில் தண்ணீரும் கிடைக்கும். கையில் பணம் குறைவாக இருப்பவர் ஒரு வாரம் பயணம் செய்ய இதைவிட ஏற்ற பாதை இந்த நான்கில் இல்லை.

கம்பர்லேண்டில் இதோடு வந்து இணையும் கிரேட் அலிகேனி பாசேஜ் 150 மைல் நீளம். பிட்ஸ்பர்க் நகருக்குள் வரும் கடைசிப் பகுதி 2013இல் முடிந்தது. இதன் பெரும்பகுதி ரயில் தண்டவாளம் இருந்த இடம் என்பதால் அடியில் கனமான கல் படுகை இருக்கிறது, நீர் தேங்காமல் வடிகிறது, மேலே அரைத்த சுண்ணாம்புக்கல் இறுகிக் கிடக்கிறது. மழை விட்ட மறுநாளே கவலையின்றி ஓட்டலாம். கால்வாய்ப் பாதையோடு ஒப்பிடும்போது எனக்கு இது ஒன்றே போதும். இரண்டில் ஒன்றுக்குத்தான் விடுமுறை இருக்கிறது என்பவர் தயங்காமல் இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

எந்தத் திசையில் ஓட்டுவது என்பதில்தான் உண்மையான முடிவு இருக்கிறது. மொனொங்கஹேலா, யாக்கியகேனி, கேசல்மன் என்று மூன்று ஆறுகளைப் பிடித்துக்கொண்டு பிட்ஸ்பர்கிலிருந்து கிழக்கே வருபவர், ஏறத்தாழ 200 கிலோமீட்டரில் 510 மீட்டர்தான் ஏறுகிறார்; ஏறுவதே தெரியாது. கம்பர்லேண்டிலிருந்து புறப்படுபவரோ அதைவிடச் சற்று கூடுதலான உயரத்தை முதல் 38 கிலோமீட்டரிலேயே ஏறியாக வேண்டும். சரிவு எங்கும் இரண்டு சதவீதத்தைத் தொடாது என்றாலும், மூட்டை கட்டிய சைக்கிளில் இடைவிடாமல் மூன்று நான்கு மணி நேரம் ஏறுவது சோர்வு தரும். பிட்ஸ்பர்கிலிருந்து தொடங்குங்கள் என்றே பலரும் சொல்வார்கள், நானும் அதையே சொல்வேன். காரணம் மட்டும் வேறு. ஓகயோபைல் அருவியும் உயரமான பாலங்களும் முடிந்த பிறகு, 2,392 அடி உயரத்தில் கிழக்குக் கண்ட நீர்ப்பிரிமேடு வருகிறது. அங்குள்ள சிறு சுரங்கப்பாதைச் சுவரில் முழுத் தடத்தின் ஏற்ற இறக்கமும் வரைந்து வைக்கப்பட்டிருக்கிறது. அதுவரை கூடவே வந்த நீரெல்லாம் ஒஹாயோ, மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்குப் போவது. அதற்கு அப்பால் விழும் மழை பொட்டோமேக் வழியாக செசபீக் விரிகுடாவுக்குப் போவது. நாட்கணக்கில் எதிர்நீரில் ஏறி வந்தவருக்குத்தான் அந்தக் கோடு பொருள்படும். அதன்பின் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பிக் சாவேஜ் சுரங்கத்தைக் கடந்தால், மலை திடீரென விலகி மேரிலாந்தை நோக்கிய பள்ளத்தாக்கு விரியும். கம்பர்லேண்டு வரை இறக்கம்தான். பனி உறைந்து சேதப்படுத்தாமல் இருக்க அந்தச் சுரங்கத்தைக் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள் என்பதால், டிசம்பர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரையில் பயணம் வைப்பவர்கள் முதலிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும். திரும்பும் வழிக்கு, பிட்ஸ்பர்க், கம்பர்லேண்டு, வாஷிங்டன் மூன்றையும் இணைக்கும் ஆம்ட்ராக் ரயிலில் முன்பதிவு செய்து சைக்கிளை ஏற்றலாம். இந்த வசதி மற்ற இரண்டுக்கும் கிடையாது.

பைன் கிரீக் தடம் 62 மைல்தான். 1883இல் போடப்பட்ட ரயில் பாதை. கடைசிச் சரக்கு ரயில் 1988இல் ஓடியது. வெல்ஸ்பரோவிலிருந்து ஜெர்சி ஷோர் வரை ஓடையோடு தெற்கே மெல்ல இறங்கும் பாதை என்பதால் குழந்தைகளையும் பெற்றோரையும் அழைத்துச் செல்லலாம். வடக்குப் பகுதியில் இருபுறமும் மலை எழுந்து நிற்க, நடுவே நாமும் ஓடையும் மட்டும் போகும் நெடுந்தூரம் உண்டு. பள்ளத்தின் ஆழம் சில இடங்களில் 1,400 அடியைத் தாண்டும். ஒரு காலத்தில் வடக்கே ஓடிய இந்த ஓடையைப் பனியுகத்துப் பனிப்பாறை அடைத்துத் தெற்கே திருப்பிவிட்டதால் உண்டான பள்ளத்தாக்கு இது. இங்குள்ள காடு பழமையானதாகத் தோன்றினாலும் அப்படியன்று: 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைப் பைன் மரங்களைப் பலகைக்காகவும், ஹெம்லாக் மரங்களின் பட்டையைத் தோல் பதனிடுவதற்காகவும் மலையே மொட்டையாகும்வரை வெட்டினார்கள், நாம் பார்ப்பது அதற்குப் பிறகு எழுந்த காடு. ஒரே நாளில் அழகான மலைப் பள்ளத்தாக்கு வேண்டும் என்பவருக்கு இதுவே சிறந்தது. ஆனால் கிராவல் சைக்கிள் என்ற வண்டிக்கு இங்கே வேலை குறைவு. சாதாரண ஹைப்ரிட் சைக்கிளே போதும்.

அந்த வண்டி எதற்காக உருவாயிற்று என்பது பால்ட் ஈகிளில்தான் தெரியும். ஏறத்தாழ 1,93,000 ஏக்கர் பரப்பு. கிழக்கு மேற்காக நீளும் மணற்பாறை முகடுகள், அவற்றின் நடுவே சுண்ணாம்புக்கல் மண்ணில் செழித்த வயல்வெளிகள். பள்ளத்தாக்கில், பழைய வாழ்க்கை முறையை விடாத ஆமிஷ் கிறிஸ்தவ மக்களின் குதிரை வண்டிகளுக்கு வழிவிட்டு ஓட்டி, பண்ணை முடியும் இடத்தில் தார்ச் சாலையும் முடிந்து, சரளையில் ஏறத் தொடங்குகிறோம். முகட்டைத் தாண்டினால் அடுத்த பள்ளத்தில் ஓர் ஓடை. அதைப் பிடித்துக்கொண்டு சில மைல் போய் மறுபடியும் ஏற்றம். சில இடங்களில் சரிவு பத்து சதவீதத்தைத் தாண்டும். மற்ற மூன்று பாதைகளும் ஆற்றோடே போவதால் ஓர் ஆற்றை மட்டும் காட்டுகின்றன. இங்கே ஆறுகளுக்குக் குறுக்கே போகிறோம்; எந்த ஊற்று எந்த ஓடையில் சேர்கிறது, ஓடைகள் எப்படி பென்ஸ் கிரீக்காகி சஸ்குவெஹானாவை அடைகின்றன என்பது ஏறி இறங்கும் காலுக்கே புரிந்துவிடுகிறது.

இந்தச் சாலைகள் இவ்வளவு நன்றாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு, அதைச் சொல்லாமல் ஒப்பீடு நிறைவாகாது. மண் சாலைகளிலிருந்து கரைந்து ஓடும் சேறு ட்ரௌட் மீன் வாழும் ஓடைகளைக் கெடுக்கிறது என்று மீன்பிடி ஆர்வலர்கள் எழுப்பிய குரலால், பென்சில்வேனியா 1997இல் மண், சரளைச் சாலைப் பராமரிப்புக்கெனத் தனி நிதியை ஏற்படுத்தியது. அந்த முயற்சியில் சாலை மேற்பரப்புக்கென்றே ஒரு கல் கலவையையும் வகுத்தார்கள்: ஒன்றரை அங்குலத்துக்கு மேற்பட்ட கல் இருக்கக் கூடாது, இடைவெளியை நிரப்ப, களிமண்ணுக்குப் பதில் அரைத்த பாறையின் தூளே இருக்க வேண்டும், அதை ஒரே சீராகப் பரப்பி உருளையால் இறுக்க வேண்டும். நல்ல கலவை போட்ட சாலையில் மழைநீர் நடுமேட்டிலிருந்து இரு ஓரங்களுக்கும் வழிந்துவிடும், டயர் தடம் ஆழப் பதியாது. புதிதாகப் போட்ட பகுதியிலிருந்து பழைய தளர்ந்த கல்லுக்கு மாறும் இடத்தைக் கண் காண்பதற்கு முன்பே கைப்பிடி உணர்த்திவிடும். மீனுக்காகச் செய்த வேலை சைக்கிளுக்கும் கிடைத்தது என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. அக்டோபரில் லூயிஸ்பர்கை மையமாக வைத்து நடக்கும் ‘அன்பேவ்ட்’ கிராவல் நிகழ்வு வெளியூர்க்காரர்களை இங்கே ஈர்த்ததற்கும் அடிப்படை இந்தச் சாலைகளே.

எச்சரிக்கையும் இங்கேதான் அதிகம் தேவை. இறக்கங்களின் வளைவுகளில் தளர்ந்த கல் ஓரமாகக் குவிந்திருக்கும். எதிரே மரம் ஏற்றிய லாரியும் வரலாம். கைப்பேசிச் சைகை பெரும்பாலும் இல்லை என்பதால் வரைபடத்தை முன்பே பதிவிறக்கி வைத்திருக்க வேண்டும். இடையில் கடை இல்லை; ஓடை நீரை வடிகட்டாமல் குடிக்கக் கூடாது. ரேட்டில் பாம்பு வெயில் காயச் சாலைக்கு வருவதுண்டு, சற்று ஒதுங்கி நின்றால் அது தானே போய்விடும். அதைவிட அஞ்ச வேண்டியது லைம் நோயைப் பரப்பும் உண்ணி: புல்லில் உட்கார்ந்து எழுந்தால் முழங்கால் மடிப்பையும் சாக்ஸ் விளிம்பையும் பார்த்துவிடுங்கள்.

டயர் விஷயத்தில் என் பரிந்துரை இது. கிரேட் அலிகேனிக்கும் பைன் கிரீக்குக்கும் 35 மில்லிமீட்டர் தாராளம். கால்வாய்க் கரைக்கு 40, அதோடு மட்கார்டுக்குள் சேறு அடைக்காத இடைவெளி. பால்ட் ஈகிளுக்கு 42 முதல் 45 வரை, டியூப்லெஸ்ஸாக. மிதிக்கட்டையோடு சேர்ந்த முன் பல்சக்கரத்தைவிடப் பின் பல்சக்கரத்தில் பற்கள் கூடுதலாக உள்ள கியர் ஒன்றாவது கட்டாயம். அது இல்லாத சைக்கிளோடு அங்கே போவதைவிட, பைன் கிரீக்கில் ஒரு முழு நாளை நிதானமாகச் செலவிடுவதே மேல்.

பருவத்தைப் பொறுத்தவரை, நான்குக்கும் அக்டோபர் நடுப்பகுதிதான் சிறந்தது. ஓக்கும் மேப்பிளும் நிறம் மாறும் காலம், புழுக்கம் கோடையைவிடக் குறைவு. நவம்பர் இறுதியில், நன்றி தெரிவிக்கும் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை மான் வேட்டைக்கான துப்பாக்கிப் பருவம் பென்சில்வேனியாவில் தொடங்கிவிடும். அந்த இரண்டு வாரங்களும் பால்ட் ஈகிளைத் தவிர்த்துவிட்டு வேறு பாதைக்குப் போவது நல்லது. போயே ஆக வேண்டுமென்றால், மற்ற வேட்டைக் காலங்களைப் போலவே, பளிச்சிடும் ஆரஞ்சு மேலாடை இல்லாமல் காட்டுக்குள் நுழையாதீர்கள்.