கலக்முல் போகிறவர்கள் கவனத்துக்கு: ரசீதில் பெயர் இருந்தால் மட்டும் போதாது

மெக்சிகோவில் கம்பேச்சே மாநிலக் காட்டுக்குள் இருக்கும் கலக்முல் என்ற பழைய மாயா நகரத்தைப் பார்க்க நானும் அக்காவும் போயிருந்தோம். ஆளுக்கு 2,500 பீசோ கட்டினோம். நாள் முழுக்க வேனில் அலைந்தோம். அந்த நகரத்தின் ஒரு கல்லைக்கூடப் பார்க்காமல் அன்றைய பொழுது போனது. வேனில் கூட வந்த ஆறு பேருக்கும் அதே கதிதான். எங்களுக்குக் கையில் இன்னும் இரண்டு நாள் இருந்தது, அதனால் தப்பித்தோம். மறுநாள் காலை விமானம் பிடிக்க வேண்டியிருந்த ஒரு வயதான தம்பதி பேசாமல் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிரபலமான இன்னொரு மாயா நகரமான சிச்சென் இட்சாவுக்குப் போவதுபோல இங்கே போக முடியாது. 186-ஆம் எண் நெடுஞ்சாலையில் கொனுவாஸ் என்ற சின்ன ஊர்ப் பக்கம் ஒரு வாசல் இருக்கிறது. அங்கே திரும்பி, காட்டுக்குள் 60 கிலோமீட்டர் போக வேண்டும். பெட்ரோலையோ சாப்பாட்டுக் கடையையோ போன் சிக்னலையோ நம்பிப் போக முடியாது. பாதையில் காட்டு வான்கோழிகள் குறுக்கே நடக்கும், வேகமாக ஓட்ட முடியாது. உள்ளே போகவே ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். ஏமாற்றுகிறவர்களுக்கு இந்தத் தூரம்தான் முதலீடு. வாசல் வரை கொண்டுபோய்விட்டுத் திருப்பிவிட்டால் டீசல் மிச்சம், நேரம் மிச்சம்.

நாங்கள் தங்கியிருந்தது பக்கலாரில், ஏரிக்கரை ஊர். அங்கே ஒரு சின்னப் பயண அலுவலகத்தில் பதிவு செய்தோம். மேஜையில் விரித்து வைத்திருந்த அட்டையில் மூன்று படங்கள்: காட்டுக்கு மேலே தலை நீட்டும் பிரமிடு, பச்சைக்கல் முகமூடி, நீல உடை உடுத்திய பெண் பானையைத் தூக்கிக் கொடுக்கும் சுவரோவியம். "இதெல்லாம் பார்க்கலாமா?" என்று அக்கா ஒவ்வொரு படத்தின் மேலும் விரலை வைத்துக் கேட்டாள். மூன்றுக்கும் ஆமாம் என்றார்கள். நுழைவுக் கட்டணம், மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்துத்தான் 2,500 என்றார்கள். பணமாகத்தான் வேண்டும் என்றார்கள். கொடுத்தோம். ஒரு துண்டு ரசீது வந்தது. அதில் 'ருத்தா கலக்முல்' என்று கையால் எழுதியிருந்தது. நிறுவனத்தின் பெயரோ முகவரியோ வரி எண்ணோ எதுவும் இல்லை. அப்போதே கேட்டிருக்க வேண்டும், நாங்கள் கேட்கவில்லை.

காலை ஐந்து மணிக்கு வருவதாகச் சொன்ன வேன் எட்டு மணிக்கு வந்தது. இரண்டேகால் மணி நேரம் ஓடி ஒரு இடத்தில் நின்றது. இறங்கினோம். ஊரைச் சுற்றி வெட்டிய அகழி, உள்ளே உயரமான கோபுரங்கள். வழிகாட்டியாக வந்தவர் கையை விரித்து, "இதோ, கலக்முல்!" என்றார். எல்லோரும் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு மட்டும் இடித்தது. காட்டுக்குள் 60 கிலோமீட்டர் போன மாதிரியே இல்லையே, நெடுஞ்சாலையில் லாரி போகிற சத்தம் கேட்கிறதே? திரும்பி வாசல் பக்கம் நடந்தேன். தொல்லியல் துறையின் பலகை நின்றது. 'பெக்கான்' என்று எழுதியிருந்தது.

"அக்கா, இது கலக்முல் இல்ல. பலகையப் பாரு."

வழிகாட்டியிடம் கேட்டபோது, "இதுவும் கலக்முல்தான், பெரிய நகரத்துக்கு மதியம் போகிறோம்" என்றார். சரி, வழியில் இருக்கும் இடத்தையும் காட்டுகிறார்கள் போல என்று சமாதானப்படுத்திக்கொண்டோம். பெக்கான் அழகான ஊர்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு மணி நேரம் அங்கேயே போனது. அடுத்து சிக்கன்னா. அங்கே ஒரு கட்டடத்தின் வாசலே வாயைப் பிளந்த பாம்பு முகமாக இருக்கும். பற்களுக்கு நடுவே புகுந்துதான் உள்ளே போக வேண்டும். அதையும் பார்த்தோம். அப்புறம் கொனுவாஸ் இருக்கும் மேற்குப் பக்கம் போகாமல், வேன் வந்த வழியே கிழக்கே திரும்பி ஷ்புஹில் ஊருக்குப் போனது, சாப்பிட. சாப்பாடு வரவே முக்கால் மணி நேரம். ஓட்டுநர் எழுந்திருப்பதாகவே தெரியவில்லை.

கொனுவாஸ் வாசலில் நின்றபோது வேனின் கடிகாரம் 2:40 காட்டியது. "இரண்டு மணிக்கு மேல் உள்ளே விட மாட்டார்கள், நேரமாகிவிட்டது, மன்னிக்கவும்" என்றார் ஓட்டுநர். வண்டியைத் திருப்பவே ஆரம்பித்துவிட்டார். நான் கதவைத் திறந்து இறங்கி, கட்டணச் சாவடிக்கு நடந்தேன். உள்ளே சுவர்க் கடிகாரத்தில் மணி 1:40.

இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கலார் இருக்கும் கின்தானா ரோ மாநிலத்துக்கும் கம்பேச்சே மாநிலத்துக்கும் ஒரு மணி நேர வித்தியாசம் உண்டு. கம்பேச்சே ஒரு மணி நேரம் பின்னால். எல்லை தாண்டும்போது நமக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தையும் பழைய கடிகாரத்தைக் காட்டியே எடுத்துக்கொண்டார்கள்.

சாவடியில் இருந்தவரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில் கேட்டேன். "இன்னும் விடுகிறோம். ஆனால் நீங்கள் போய்ச் சேரவே மூன்று மணிக்கு மேல் ஆகும். ஐந்து மணிக்கு மூடிவிடுவோம்" என்றார். பரவாயில்லை, போகலாம் என்று ஓட்டுநரிடம் சொன்னேன். அவர் பேச்சை மாற்றினார். உள்ளே போக 3,000 பீசோ தனி, நுழைவுக் கட்டணமும் எங்கள் செலவு என்றார். எல்லாம் சேர்த்துத்தானே பணம் கட்டினோம் என்றதற்கு, ரசீதை வாங்கி 'ருத்தா' என்ற சொல்லைத் தட்டிக் காட்டினார். ருத்தா என்றால் தடம். கலக்முல் தடத்தில் கூட்டிவந்துவிட்டோம், அவ்வளவுதான் என்றார்.

இரண்டு நாள் கழித்து பக்கலார் அலுவலகத்தில் சண்டை போட்டபோது இன்னொன்றும் தெரிந்தது. அந்த வட்டாரம் முழுவதற்குமே கலக்முல் என்றுதான் பெயர். கலக்முல் நகராட்சி, அதன் தலைமையிடம் ஷ்புஹில். பெக்கானும் சிக்கன்னாவும் அதற்குள்தான் வருகின்றன. "நீங்கள் கலக்முலுக்குப் போனீர்கள், அங்கே சாப்பிடவும் செய்தீர்கள்" என்றார் மேஜையில் இருந்த பெண், முகம் மாறாமல். ஆளுக்கு 400 பீசோ திருப்பித் தருவதாகச் சொன்னார். வாங்கவில்லை. நுகர்வோருக்கான அரசு அமைப்பு ஒன்று மெக்சிகோவில் உண்டு, புரொஃபெகோ என்பார்கள். அதில் புகார் கொடுக்க விற்றவரின் பெயரும் முகவரியும் வேண்டும். எங்கள் துண்டு ரசீதில்தான் அது இல்லையே. அட்டையையும் வேனின் நம்பர் பலகையையும் அக்கா படம் எடுத்து வைத்திருந்தாள். அதை வைத்து எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

அந்த அட்டையில் இருந்த படங்களும் ஏமாற்றுதான். பச்சைக்கல் முகமூடி கலக்முலில் எடுத்தது என்பது உண்மை. ஆனால் அது இருப்பது கம்பேச்சே நகரத்தில், சான் மிகேல் கோட்டை அருங்காட்சியகத்தில். நீல உடைப் பெண்ணின் சுவரோவியம் கலக்முலில்தான் இருக்கிறது, ஆனால் பாதுகாப்புக்காக மூடி வைத்திருக்கிறார்கள். பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. கஞ்சி ஊற்றுகிறவர், உப்பு விற்கிறவர் என்று சந்தைக்கு வந்த சாதாரண மனிதர்களை வரைந்த ஓவியங்கள் அவை. மாயா ஓவியங்களில் அரசர்களையே பார்த்துப் பழகியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! அதைக் காட்டுவதாகச் சொல்லிப் பணம் வாங்கியதை என்னால் சாதாரணமாக விட முடியவில்லை.

அன்று மாலை நாங்கள் பக்கலாருக்குத் திரும்பவில்லை. ஷ்புஹிலில் இறங்கிக்கொண்டோம். அறை கொடுத்த அம்மா நடந்ததைக் கேட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த உள்ளூர் ஓட்டுநர் ஒருவரை ஏற்பாடு செய்தார். மறுநாள் விடியும் முன் கிளம்பினோம். கொனுவாஸ் வாசலில் தொடங்கி மூன்று இடத்தில் கட்டணம்: ஊர்ப் பொது நிலத்துக்கு ஒன்று, உயிர்க்கோளக் காப்பகத்துக்கு ஒன்று, தொல்லியல் துறைக்கு ஒன்று. மூன்றுக்கும் தனித்தனிச் சீட்டு. 'எல்லாம் சேர்த்து' என்று யாராவது சொன்னால் இந்த மூன்றும் சேர்த்தா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

காட்டுக்குள் போனபோது ஓட்டுநர் வண்டியை நிறுத்தி ஒரு மரத்தைக் காட்டினார். அடிமரத்தில் கீழிருந்து மேலே குறுக்கும் மறுக்குமாகப் பழைய வெட்டுத் தழும்புகள், ரப்பர் மரத்தில் பால் எடுத்ததுபோல. நம்ம ஊர் சப்போட்டாதான். அதற்குச் சொந்த ஊரே இந்தப் பக்கம்தான். அதன் பாலில்தான் ஒருகாலத்தில் சூயிங்கம் செய்தார்கள். 1931-இல் இந்த நகரத்தை விமானத்திலிருந்து பார்த்துச் சொன்ன லுண்டெல் என்ற தாவரவியலாளர், அந்தப் பால் எடுக்கும் தொழிலுக்காகத்தான் இங்கே வேலை பார்த்தார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேடுகள் என்ற பொருளில் கலக்முல் என்று பெயர் வைத்தவரும் அவரே. மாயாக்களின் காலத்தில் இது பாம்பைச் சின்னமாகக் கொண்ட 'பாம்பு அரசர்களின்' நகரம். திக்கால் என்ற இன்னொரு மாயா நகரத்தோடு தலைமுறை தலைமுறையாக மோதிய ஊர். 636 முதல் 686 வரை யுக்னோம் சேன் என்ற ஒரே அரசர் ஐம்பது ஆண்டு ஆண்டிருக்கிறார். அடுத்து வந்தவர் 695-இல் திக்காலிடம் தோற்றார்.

இரண்டாம் எண் கட்டடம் என்று சொல்லப்படும் பிரமிடின் படிகள் செங்குத்து. முழங்கால் உயரத்துக்கு வைத்து ஏற வேண்டியிருந்தது. 45 மீட்டர் என்கிறார்கள். மேலே போய்த் திரும்பினால் எந்தப் பக்கமும் காடு மட்டும்தான், அதன் நடுவே ஒன்றாம் எண் கட்டடத்தின் தலை. கீழே எங்கோ ஊளைக் குரங்குகள் கத்தின. அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே, "அந்தத் தாத்தா பாட்டியையும் இங்க கூட்டிட்டு வந்திருக்கணும்டி" என்றாள்.

இரண்டு பேருக்கும் வண்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து, முந்தின நாள் கொடுத்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் ஆனது.

போகிறவர்கள் முடிந்தால் முதல் நாள் இரவே ஷ்புஹிலிலோ கொனுவாஸ் பக்கமோ தங்கிவிடுங்கள். பக்கலாரிலிருந்து ஒரே நாளில் போய் வருவதென்றால் ஒரு வழிக்கே இருநூறு கிலோமீட்டருக்கு மேல். விடியும் முன் கிளம்பாத வண்டி உள்ளே போகாது. வழிகாட்டி என்று வருகிறவரிடம் சுற்றுலா அமைச்சகம் கொடுக்கும் அடையாள அட்டையைக் கேளுங்கள். எங்களோடு வந்தவரிடம் அது இல்லை. தண்ணீரும் சாப்பாடும் நீங்களே எடுத்துப் போங்கள். பணம் கொடுக்கும் முன் ரசீதில் நிறுவனத்தின் பெயரும், 'எஸ்த்ருக்தூரா தோஸ்' என்ற இரண்டு சொல்லும் எழுதி வாங்குங்கள். இரண்டாம் எண் கட்டடம் என்று பொருள். பெக்கானில் நின்றுகொண்டு அதைக் கலக்முல் என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு சொல்லை எழுதிக் கொடுக்கத் தயங்குவார்கள். அதோடு இதையும் கேளுங்கள்: "அ கே ஓரா யெகாமோஸ்?" எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று அர்த்தம். கம்பேச்சே நேரப்படி காலை பத்துக்குள் ஒரு நேரத்தைச் சொன்னால் பணத்தை எடுங்கள்.