டிஸ்ட்ரிக்ட் பள்ளியா, செய்து கற்கும் சார்ட்டரா? பேட்டரியை யார் மாற்றுகிறார்கள் என்று கேளுங்கள்

செப்டம்பர் 1-ஆம் தேதிக்குள் 5 வயது நிறையும் பிள்ளை கலிபோர்னியாவில் அந்த ஆண்டே கிண்டர்கார்டன் சேரலாம். தனி நிர்வாகக் குழு உரிமம் பெற்று நடத்தும் சார்ட்டர் பள்ளிகளின் இடக் குலுக்கலான லாட்டரிக்கு அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே விண்ணப்பிக்க வேண்டியிருப்பதால், நம்மவர் வீடுகளில் தீபாவளி முடிந்த கையோடு இந்தப் பேச்சு தொடங்கிவிடும். உள்ளூர்ப் பள்ளி நிர்வாகமான டிஸ்ட்ரிக்ட் நேரடியாக நடத்தும், வீட்டு முகவரிக்கு உரிய பள்ளி போதுமா, இல்லை பிள்ளைகள் கையால் செய்து கற்கிறார்கள் என்று சொல்லும் சார்ட்டருக்கு முயன்று பார்க்கலாமா? நாங்கள் சார்ட்டரைத்தான் தேர்ந்தோம், அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன். ஆனால் எல்லா சார்ட்டருக்கும் சேர்த்துச் சொல்லவில்லை. எந்த சார்ட்டர் என்பதை ஒரே ஒரு விஷயம்தான் தீர்மானிக்கிறது: பிள்ளைகள் கையாளும் பொருள்களை யார் பராமரித்து நிரப்புகிறார்கள் என்பது. கட்டுரையில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். இரண்டும் அரசுப் பணத்தில் நடக்கும் பொதுப் பள்ளிகள், கட்டணம் கிடையாது. 2022-23 முதல் காலை உணவும் மதிய உணவும் இரண்டிலும் இலவசம். 3-ஆம் வகுப்பிலிருந்து ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் அதே மாநிலத் தேர்வு. சார்ட்டர் நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்க முடியாது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் பொதுக் குலுக்கல்தான். பெற்றோர் இத்தனை மணி நேரம் தொண்டு செய்தால்தான் இடம் என்றும் சொல்லக் கூடாது. பெரும்பாலான சார்ட்டரில் பஸ் கிடையாது. தினம் இருவேளை கார் ஓட்டத்தை 6 ஆண்டுக்குத் தாங்க முடியாது என்று தோன்றினால், மேலே படிக்காமலே டிஸ்ட்ரிக்ட் பள்ளிக்குப் போய்விடலாம், அதில் தவறில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். அறிவியல் பாடத்திட்டமும் இரண்டு பள்ளிக்கும் ஒன்றுதான். 2013-ல் மாநிலம் ஏற்ற புதிய அறிவியல் தரநிலைகள், பிள்ளை தானே சோதித்து, அளந்து, காரணம் சொல்ல வேண்டும் என்கின்றன. சோதனைப் பெட்டியும் பல நேரம் ஒன்றுதான்: பெர்க்லியின் லாரன்ஸ் ஹால் ஆஃப் சயன்ஸ் உருவாக்கிய ஃபாஸ் பெட்டி நிறைய டிஸ்ட்ரிக்ட் பள்ளிகளிலும் இருக்கிறது. எனவே பள்ளியைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது அலமாரியில் பெட்டியைக் கண்டதும் திருப்தியாகிவிட வேண்டாம். ஆண்டு பாதி போன பிறகு, பிப்ரவரியிலும் அந்தப் பெட்டி வேலை செய்யுமா என்று கேளுங்கள்.

4-ஆம் வகுப்பு மின்காந்தப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். தடித்த ஆணி போன்ற ஓர் இரும்பு ரிவெட், பிளாஸ்டிக் உறையிட்ட செம்புக் கம்பி, ஒரு டி செல் பேட்டரி, ஒரு ஸ்விட்ச், ஒரு கிண்ணம் நிறைய இரும்பு வாஷர். ரிவெட்டில் 20 சுற்றுச் சுற்றினால் எத்தனை வாஷர் ஒட்டுகிறது, 30-க்கு எத்தனை, 40-க்கு எத்தனை என்று எண்ணி வரைபடம் போட்டு, 50 சுற்றுக்கு எத்தனை வரும் என்று பிள்ளை முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அருமையான பாடம், ஆனால் சுலபமாகக் கெட்டுப்போகும். அந்தச் சுருளுக்கு மின்தடை மிகக் குறைவு. ஸ்விட்சைத் திறக்காமல் விட்டால் கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட் மாதிரி மின்சாரம் ஓடி, சில நிமிடங்களிலேயே பேட்டரி சூடாகி வலுவிழக்கும். ஒரு பிரிவுக்குப் பாடம் முடித்து அடுத்த பிரிவுக்கும் அதே செல்களைக் கொடுத்தால், 40 சுற்று 20 சுற்றைவிடக் குறைவாகத் தூக்கும். சுற்று கூடினால் பலம் குறையும் என்று பிள்ளை நோட்டில் எழுதும். தான் கண்ணால் பார்த்ததைத்தானே எழுதுகிறது! 8 குழுவுக்கு 8 செல் போதாது, மாற்றுக்கு இன்னொரு 8 வேண்டும். மீட்டரில் புது செல் 1.5 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், 1.3-க்கு இறங்கியதை ஒதுக்கிவிட வேண்டும். பாடத்துக்கு முந்தைய மாலை ஒருவர் உட்கார்ந்து இதைச் செய்தால்தான் மறுநாள் அது பாடம்.

உயிருள்ளவை என்றால் சிரமம் இன்னும் கூடுதல். 2-ஆம் வகுப்பில் மீல்வோர்ம் புழுவைத் தவிட்டில் வளர்த்து, அது கூட்டுப்புழுவாகிக் கருவண்டாவதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். நேரத்துக்குப் புழு வராவிட்டால் ஆசிரியர் அவசரத்துக்கு செல்லப்பிராணிக் கடைக்கு ஓடுவார். அங்கே கிடைக்கும் ராட்சத மீல்வோர்ம், கூட்டுப்புழு ஆகாமல் தடுக்க ஹார்மோன் கொடுத்து வளர்த்தது. அங்கேயே கிடைக்கும் சூப்பர்வோர்ம் வேறு இனம். கூட்டமாக ஒரே டப்பாவில் இருக்கும்வரை அது கூட்டுப்புழுவாகாது. வாரக்கணக்கில் காத்திருந்து ஒன்றும் நடக்காமல் வகுப்பு ஏமாறும். டப்பாவை இறுக மூடினால் ஈரத்துக்குப் போடும் உருளைக்கிழங்குத் துண்டில் பூஞ்சை பிடிக்கும், அது இன்னொரு தொல்லை.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உருவான வேகமாக வளரும், கடுகுக் குடும்பத்துப் பிராசிகாச் செடியும் இதே கதைதான். விதைத்து 14 நாளில் பூக்கும், சுமார் 40 நாளில் விதை தரும். அதற்கு 24 மணி நேரமும் விளக்கு, செடியின் நுனியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், எரிய வேண்டும். வெள்ளி மாலை யாராவது மறந்து விளக்கை அணைத்துவிட்டால் செடி நெட்டையாகிச் சாயும். நவம்பர் இரண்டாம் வாரத்தில் விதைத்தால், பிள்ளைகள் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டிய நாள் தேங்க்ஸ்கிவிங் விடுமுறையில் போய் விழும். மூடிய பள்ளியில் தேனீயும் நுழையாது, பிள்ளையும் இருக்காது, காயும் பிடிக்காது.

நான் சார்ட்டர் பக்கம் சாய்வது இங்கேதான். பெரிய டிஸ்ட்ரிக்ட்டில் பெட்டிகள் பெரும்பாலும் மையக் கிடங்கிலிருந்து முறை வைத்துச் சுற்றி வரும். உங்கள் பள்ளியின் முறை வரும் 6, 8 வாரத்தில் பாடத்தை முடித்தாக வேண்டும். குறைந்ததை நிரப்பப் படிவம் போட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாத ஆசிரியர் கைக்காசில் வாங்குவார். அதோடு, மாநில அறிவியல் தேர்வு தொடக்கப் பள்ளியில் 5-ஆம் வகுப்பில் மட்டும்தான். 3-ஆம் வகுப்பிலிருந்து ஆண்டுதோறும் தேர்வு நடப்பது ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் என்பதால், நேரம் இடிக்கும்போது முதலில் கழற்றிவிடப்படுவது அறிவியல். ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் கையில் கால அட்டவணை இல்லை. நல்ல சார்ட்டரில் அட்டவணையும் பணப்பையும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. காலை 2 மணி நேரத்தைத் துண்டாக்காமல் செயல்திட்டத்துக்கு ஒதுக்குவதும், இந்த வாரம் தீர்ந்த செல்லை இந்த வாரமே வாங்குவதும் தலைமையாசிரியர் எடுக்கும் முடிவு.

எல்லா சார்ட்டரிலும் இப்படி நடக்குமா என்றால், இல்லை. சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. சார்ட்டரின் நிர்வாகக் குழு, கூட்டங்களைப் பொதுமக்களுக்குத் திறந்து நடத்த வேண்டும் என்ற மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டது. வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலை வெளியிட வேண்டும். பட்ஜெட் வைக்கும் கூட்டத்தின் ஆவணத்தை எடுத்து, 4300 என்ற கணக்கு எண்ணைத் தேடுங்கள். பொருள்களும் வழங்கல்களும் என்ற தலைப்பு அது. அந்தத் தொகையைப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுத்து, பக்கத்துப் பள்ளியோடு ஒப்பிடுங்கள். காகிதமும் துப்புரவுப் பொருளும் அதே தலைப்பில் வரலாம் என்பதால் தொகை மட்டும் போதாது. உயிரினங்களையும் பேட்டரியையும் ஆர்டர் செய்வது யார் பொறுப்பு என்று நேரடியாகக் கேளுங்கள். ஒரு ஆளைக் கைகாட்டினால் நல்லது. ஆசிரியர்களே பார்த்துக்கொள்வார்கள் என்றால் டிஸ்ட்ரிக்ட் பள்ளிக்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

கட்டடம் யாருடையது என்பதும் இதே பராமரிப்பில் சேர்ந்ததுதான். 2000-ல் வாக்காளர்கள் ஏற்ற 39-ஆம் முன்மொழிவின்படி டிஸ்ட்ரிக்ட் தன் வளாகத்தில் சார்ட்டருக்கு இடம் தர வேண்டும், ஆனால் சார்ட்டர் அதை ஆண்டுதோறும் நவம்பர் 1-க்குள் கேட்டாக வேண்டும். அப்படி இயங்கும் பள்ளி அடுத்த ஆண்டு வேறு வளாகத்துக்குப் போக நேர்ந்தால் பாத்தி கட்டிய தோட்டமும் மரவேலை மூலையும் பின்னால் தங்கிவிடும். சொந்தக் கட்டடமா, நீண்டகாலக் குத்தகையா, ஆண்டு ஒப்பந்தமா என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

வகுப்பறைக்குள் போனால் முதலில் குழாயோடு ஒரு சிங்க் இருக்கிறதா பாருங்கள். பிறகு சுவர். 24 பிள்ளைகளின் பெயரோடு 24 ஒரே மாதிரி காகித ஆந்தை தொங்கினால் அது கைவேலை வகுப்பு, செய்து கற்றல் ஆகாது. ஒரே பிள்ளையின் முதல் வரைவு, நண்பர்கள் சொன்ன திருத்தம், மூன்றாம் வரைவு என்று வரிசையாக இருந்தால் தைரியமாக விண்ணப்பியுங்கள்.

இந்த வகைப் பள்ளிகளில் குறையும் உண்டு. வாய்ப்பாடு, கூட்டல் கழித்தல் வேகம் இரண்டுக்கும் பயிற்சி நேரம் குறைவாகவே கிடைக்கும்; 2, 3-ஆம் வகுப்புகளில் வீட்டில் தினம் 10 நிமிடம் ஒதுக்கத் தயாராக இருங்கள். சார்ட்டரின் உரிமம் நிரந்தரம் இல்லை. 2019-ல் வந்த சட்டப்படி நன்றாகச் செயல்படும் பள்ளிக்கு 5 முதல் 7 ஆண்டு, நடுத்தரத்துக்கு 5, கீழ்நிலைக்குக் கிடைத்தாலும் 2 ஆண்டுதான். அடுத்த புதுப்பிப்பு எந்த ஆண்டு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சியோ வேறு சிறப்புக் கல்வித் திட்டமோ தேவை என்றால் என் சாய்வு தளர்கிறது. சார்ட்டரும் சட்டப்படி அதைத் தந்தாக வேண்டும். ஆனால் சிறிய பள்ளியில் பயிற்சியாளர் வாரத்தில் ஒருநாள் மட்டும் வந்துபோகக்கூடும், பெரிய டிஸ்ட்ரிக்ட்டில் ஆள்பலம் அதிகம். அதேபோல், பெற்றோர் சங்கம் பணம் திரட்டித் தனி அறிவியல் ஆசிரியரையே வைத்திருக்கும் டிஸ்ட்ரிக்ட் பள்ளிகள் சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவில் இருக்கின்றன. நடந்து போகும் தூரத்தில் அப்படி ஒன்று இருந்தால் லாட்டரிக்கு அலைய வேண்டாம் என்பேன். நான் சொல்வதெல்லாம் பல சார்ட்டர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிகிற ஊர்களுக்கு. ஊரில் ஒன்றே ஒன்றுதான் என்றால் அவ்வளவு உறுதியாகச் சொல்லத் தயங்குவேன்.

லாட்டரியில் பெயர் வராவிட்டாலும் காத்திருப்புப் பட்டியலில் இருங்கள். ஆகஸ்ட்டில் வீடு மாறுகிறவர்களாலும், முதல் வாரம் வராமல் போகும் பிள்ளைகளாலும் இடம் திறக்கும். அதுவரை டிஸ்ட்ரிக்ட் பள்ளியில் போட்ட பதிவை ரத்து செய்யாதீர்கள்; செய்துவிட்டுத் திரும்பப் போனால் டிஸ்ட்ரிக்ட் இடம் தரும், ஆனால் அது உங்கள் தெருப் பள்ளியாக இல்லாமல் போகலாம்.