பூட்டனைத் தேடி நான்கெல்லைக்குள்: பழைய ஆவணங்களோடு ஆறு ஆண்டுகள்

பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கிற குடும்பத்தில் முன்னோரைத் தேடுவது பெரிய சோதனை. எங்கள் வீட்டில் இரண்டே பெயர்கள்தான் தலைமுறைக்குத் தலைமுறை மாறி மாறி வருகின்றன. தேடத் தொடங்கிய முதல் ஆண்டில் ஒரு பத்திரத்தில் பூட்டன் (தாத்தாவின் தகப்பனார்) பெயரைப் பார்த்துத் துள்ளிக் குதித்தேன். அது அவருடைய பேரன், அதாவது என் பெரியப்பா!

மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து தொடங்கியது என் முதல் தவறு. அமெரிக்காவில் 72 ஆண்டுகளும் பிரிட்டனில் 100 ஆண்டுகளும் கழிந்தால் வீட்டுவாரியான கணக்கெடுப்புத் தாள்களைப் பெயரோடு பார்க்கலாம். அதைப் படித்துவிட்டு இங்கும் அப்படித்தான் என்று நம்பினேன். சென்னை மாகாணத்தில் 1871லேயே தலைகளை எண்ணிவிட்டார்கள். ஆனால் நமக்குக் கிடைப்பவை மொத்த எண்ணிக்கை அட்டவணைகள் மட்டுமே. தனிநபர் விவரங்களை யாரும் பார்வையிட முடியாது என்கிறது 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம். ஆனாலும் அது முழுக்க வீண் என்று சொல்லமாட்டேன். 1951 முதல் வந்த மாவட்டக் கையேடுகளில் ஊர்வாரியாக மக்கள்தொகை இருக்கிறது. ஊர் எவ்வளவு சிறியது என்று தெரிந்தால், ஒரே பெயரில் எத்தனை பேர் இருந்திருக்கக்கூடும் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

இணையத்தில் பட்டா, சிட்டா பார்ப்பது எளிது. ஆனால் இன்றைய உரிமையாளருக்கு மேல் அது நம்மை அழைத்துப் போகாது. 1979இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் உட்பிரிவுகள் மாறியதால், தாத்தா காலத்துப் புல எண்ணை அப்படியே தட்டினால் வேறு யாருடைய வயலோ வந்து நிற்கும். கிராமத்து 'அ' பதிவேட்டில் பழைய புல எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட்டுக்கொண்ட பிறகே எனக்கு வழி பிறந்தது. ஒரு சொத்தின் மீது பதிவான பத்திரங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றும் எங்கள் ஊருக்கு இணையத்தில் 1975க்கு முன்னால் போகவில்லை. சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ள இனாம் பதிவேடுகள், இனாம் (மானிய) நிலம் வைத்திருந்த குடும்பங்களுக்குப் புதையல். எங்களுடையது அரசுக்கு நேரடியாக வரி கட்டும் ரயத்துவாரி நிலம்; வெறுங்கையோடு திரும்பினேன்.

உண்மையில் கைகொடுத்தது பதிவான பத்திரங்களைத் தேட உதவும் சார்பதிவாளர் அலுவலகத்து அட்டவணைகள்தான். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி முதல் அட்டவணை ஆட்களின் பெயர்களுக்கு, இரண்டாம் அட்டவணை சொத்துகளுக்கு. நிலப் பத்திரங்கள் பதிவாகும் ஒன்றாம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி யாரும் பார்வையிடலாம் என்று 57ஆம் பிரிவு சொல்கிறது. ஓர் அலுவலகத்தில், "அந்தப் புத்தகமெல்லாம் மூட்டை கட்டிக் கிடக்கிறது, பிறகு வாருங்கள்" என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். நான்காம் முறை அந்தப் பிரிவை எழுதி எடுத்துப் போனேன், மூட்டை அவிழ்ந்தது.

பெயர் அட்டவணையில் பூட்டன் இல்லை. நிலத்தை விற்றவர், வாங்கியவர், அடகு வைத்தவர் ஆகியோரின் பெயர்தான் அதில் ஏறும். பரம்பரைச் சொத்தை உழுது தின்று பேசாமல் இருந்தவருக்கு அங்கே வேலை இல்லை. இது புரியவே இரண்டு ஆண்டுகள் ஆயின. அதன் பிறகு சொத்து அட்டவணையை எடுத்து, எங்கள் வயலைச் சுற்றியிருந்தவர்களின் பத்திரங்களைப் படிக்கத் தொடங்கினேன். நம் பத்திரங்களில் நான்கெல்லை, அதாவது நான்கு பக்கமும் யார் நிலம் என்று, சொல்லாமல் நிலம் விற்க முடியாதே!

மேற்கே இருந்தவர் சாதாரண வருஷத்தில் எழுதிக் கொடுத்த கிரயப் பத்திரம் அகப்பட்டது. தமிழ் வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். அதை மட்டும் நம்பினால் மோசம்போவோம். நல்ல வேளையாகப் பதிவுக் குறிப்பு 1910 என்றது. வீட்டுப் பெட்டியில் கிடந்த கிஸ்து (நிலவரி) ரசீதில் வருவாய்க் கணக்கு ஆண்டான பசலி 1320 என்றிருந்தது. 590ஐக் கூட்டினால் அதே 1910. பத்திரத்தில் கிழக்கெல்லை இப்படி இருந்தது: காலஞ்சென்ற இன்னாரின் பெண்சாதி, மைனர் குமாரனுக்காக அனுபவித்துவரும் நஞ்சைக்கு மேற்கு.

அந்த மைனர்தான் என் பூட்டன். அவருடைய தகப்பனார் கப்பலேறி ரங்கூன் போனவர், முதுமையில் திரும்பினார் என்று எங்கள் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தோம். ரங்கூன் போனாரோ இல்லையோ, முதுமையில் அவர் திரும்பவில்லை. 1910இல் நிலத்தைக் காத்து நின்றது ஒரு கைம்பெண். அவர் பெயரைப் பத்திரம் சொல்லவில்லை. வீட்டிலும் யாருக்கும் தெரியாது.

இப்போது தெற்கெல்லைக்காரர்களின் பத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.