பொள்ளாச்சியில் என் மகள் போகும் வேதியியல் டியூஷன்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர் வீட்டு மாடியில் நடத்துகிறார், மாசம் 800 ரூபாய். என் மகள் நாலு மாசமாகப் போகிறாள். சேர்க்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். தாராளமாகச் சேர்க்கலாம்.

முன்னால் போன இடத்தில் சமன்பாடுகளை வரிசையாக மனப்பாடம் செய்ய வைத்தார்கள், ஒரு உலோகத்தை மாற்றிக் கேட்டால் பிள்ளை விழித்தாள். இந்த டீச்சர் எதையும் கலக்குவதற்கு முன்னால் என்ன வரும், ஏன் வரும் என்று நோட்டில் எழுதச் சொல்லிவிடுகிறார். மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் இரும்பு ஆணி, இரும்பு சல்பேட் கரைசலில் செம்புக் கம்பி. இரண்டுக்குமே பாதிப் பேர் விளைபொருள் எழுதியிருந்தார்களாம். ஆணியில் செம்பு படிந்தது, கம்பி போட்டபடியே கிடந்தது. எந்த உலோகம் அதிகமாக வினைபடும் என்று மேலிருந்து கீழாக அடுக்கிய வினைபடுதிறன் வரிசையில் இரும்புக்குக் கீழே இருக்கும் செம்பு அதை வெளியே தள்ளாது. ‘வினை நிகழாது’ என்பதும் ஒரு விடைதான் என்று பிள்ளைகள் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள். அதேபோல உப்புக் கரைசலில் சில்வர் நைட்ரேட் விட்டால் வெள்ளை வீழ்படிவு வரும், பொட்டாசியம் நைட்ரேட் விட்டால் ஒன்றும் ஆகாது. வெறுமனே ஜோடி மாற்றி எழுதினால் மார்க் இல்லை.

போன மாசம் தென்னையில் குருத்தழுகலுக்கு போர்டோ கலவை என்கிற பூஞ்சைக்கொல்லி மருந்து கலக்கினேன். 100 கிராம் துத்தம், 100 கிராம் சுண்ணாம்பு, 10 லிட்டர் தண்ணீர். எங்க ஐயன் சொல்லிக் கொடுத்தபடி கத்தியை முக்கி எடுத்தேன், செம்மண் நிறத்தில் படிந்திருந்தது. “அப்பா, இது செம்புங்க, துத்தம் மிச்சம் இருக்குது, இன்னும் சுண்ணாம்பு போடோணும்” என்றாள். போட்டுக் கலக்கி, துடைத்த கத்தியை மறுபடி முக்கினால் சுத்தமாக வந்தது. அப்புறம் அவளே, “இரும்பு வாளியில கலக்கினா வாளியே கரையுமல்லங்கப்பா” என்றாள். இருபது வருசமாக பிளாஸ்டிக் டிரம்மில்தான் கலக்குகிறேன், காரணம் அன்றைக்குத்தான் விளங்கியது. எனக்கு அத்தனை சந்தோசம்.

குறையும் உண்டு. 25 பேருக்கு ஒரே செட் சோதனைக்குழாய், பின்னால் உட்கார்ந்தால் நிறம் மாறுவது தெரியாது. சமன்படுத்துவதை வேகமாக ஓட்டிவிடுகிறார், அதை மட்டும் வீட்டில் உட்கார வைத்துச் செய்ய வேண்டியிருக்கிறது. வகுப்பு ஆறு மணிக்கு. முன்னால் இடம் வேண்டுமானால் ஐந்தரைக்கே அனுப்பிவிடுங்கள்.