மலைப் பயணத்துக்கு ஒரு தோள்பை: கித்தானா, பழைய ஜீன்ஸா, ஜமக்காளமா?

கோத்தகிரியில் விடியற்காலையில் போட்டுக்கொண்ட ஸ்வெட்டரை மேட்டுப்பாளையம் பேருந்து நிலையத்தில் கழற்றாமல் இருக்க முடியாது. முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான அந்தச் சாலையில் ஏறத்தாழ 1,500 மீட்டர் கீழே இறங்கிவிடுகிறோம். ஆகவே மலையில் வாழ்பவர் தமக்கெனத் தைக்கும் பயணப் பையில், வேறெதற்கு இடமில்லாவிட்டாலும், ஒரு ஸ்வெட்டருக்கு இடம் இருந்தாக வேண்டும். ஒரு முறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டிலும் உடன் வரும். ஒரு லிட்டர் நிறைத்தால் அது மட்டுமே ஒன்றரைக் கிலோவை நெருங்கும். குடை, சாப்பாட்டு டப்பா, துண்டு எல்லாம் சேர்ந்தால் நான்கு கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். இந்தச் சுமைக்கு எந்தத் துணி ஏற்றது, எந்த அமைப்பு ஏற்றது என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

போட்டியில் இருப்பவை மூன்று துணிகள்: கடையில் மீட்டர் கணக்கில் வாங்கும் கித்தான், அதாவது கான்வாஸ், வீட்டில் கிடக்கும் பழைய ஜீன்ஸ் பேண்ட், பவானி ஜமக்காளம். மூன்றிலும் ஒவ்வொரு பை தைத்து, மூன்றையும் தோளில் போட்டுக்கொண்டு அலைந்திருக்கிறேன். பை தைப்பதைப் பற்றிப் பேசுபவர்கள் முதலில் கேட்பது “எது உறுதி?” என்பதாகும். என் அனுபவத்தில் அது தேவையற்ற கேள்வி. நான்கு கிலோவுக்கு இம்மூன்றில் எந்தத் துணியும் கிழிவதில்லை. பிய்வது துணியன்று, தோள்வார் சேரும் இடத்துத் தையல். மலையில் துணியைத் தேர்ந்தெடுக்க வேறோர் அளவுகோல் வேண்டும்: நனைந்தால் எப்போது காயும்?

கித்தான் எடையைச் சொல்லி விற்கப்படும் துணி. ஒரு சதுர கஜத் துணி எத்தனை அவுன்ஸ் இருக்கிறது என்பதே அந்த எண். ஓர் அவுன்ஸுக்குச் சதுர மீட்டருக்கு 34 கிராம் என்று கணக்கிட்டால், 10 அவுன்ஸ் கித்தான் 340 கிராம், 12 அவுன்ஸ் 400 கிராமுக்குச் சற்று அதிகம். வீட்டில் உள்ள மிதி இயந்திரத்துக்கு 10 அவுன்ஸ் சுகமாக ஓடும். 12 அவுன்ஸில் நான்கு மடிப்பு சேரும் மூலைகளில் ஊசி திணறும். அதற்கு மேல் போனால் ஊசி உடைவதை எண்ண வேண்டியிருக்கும். 16-ஆம் எண் ஊசி, ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளத்தில் தையல், பாலியெஸ்டர் நூல் ஆகியவை போதும். பருத்தித் துணிக்குப் பருத்தி நூலே பொருத்தம் என்று சிலர் சொல்வார்கள். ஈரம் வற்றாத வீடுகளில் அந்த நூல் பூசணம் பிடித்து இற்றுப்போவதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். கித்தானின் பெரிய நற்குணம் அதன் அடக்கம். நகத்தால் கீறினால் மடிப்பு நிற்கும், வெட்டிய ஓரம் சட்டென்று பிரியாது, சாக்கட்டியால் போட்ட கோடு தெளிவாகத் தெரியும். குறை ஒன்று உண்டு. புதிய கித்தானில் கஞ்சி இருக்கும், முதல் அலசலில் நூற்றுக்கு ஐந்து பங்கு வரை சுருங்கவும் கூடும். எனவே வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுவதைத் தவிர்க்கக் கூடாது. நான் முதல் பையில் தவிர்த்தேன். முதல் முறை துவைத்ததும் வாய்ப்பகுதி சுருங்க, ஜிப் மட்டும் சுருங்காமல் அலையலையாக நின்றது.

பழைய ஜீன்ஸுக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. காசு இல்லை, பல ஆண்டுகள் துவைத்த துணியாதலால் இனிச் சுருங்காது, சாயமும் பெரும்பாலும் போய் முடிந்திருக்கும், பின்பக்கப் பாக்கெட்டைத் தையலோடு பெயர்த்து எடுத்து அப்படியே பையின் முகப்பில் வைத்துவிடலாம். ஆனால் தைக்க உட்கார்ந்தவுடன் தெரியவரும் சிக்கல், துணியின் அகலம். 14 அங்குல அகலமுள்ள பைக்கு ஒரு காலின் துணி பெரும்பாலும் போதாது; இரண்டு துண்டுகளை ஒட்டியே ஒரு முகம் தேறும். முட்டியும் இருக்கைப் பகுதியும் ஏற்கெனவே தேய்ந்திருப்பதால் அவற்றை ஒதுக்க வேண்டும். ஒட்டுத் தையல்கள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்தில் ஆறு, எட்டு அடுக்குகள் சேர்ந்து கட்டைபோல் எழும்பி நிற்கும். அங்கே சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, இயந்திரத்தில் துணியை அழுத்திப் பிடிக்கும் காலுக்குப் பின்புறம் அதே உயரத்துக்கு ஒரு மடித்த துணியை முட்டுக் கொடுத்து, சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் கடக்க முடியும். பொறுமையுள்ளவர்களுக்கு இது தடையன்று. ஈரம்தான் தடை. துணியின் பரப்பு காய்ந்துவிட்டாலும் அந்தத் தடித்த தையல்களுக்குள் ஈரம் தங்கிவிடும், இரண்டாம் நாளே புழுங்கல் வாடை எழும்.

ஜமக்காளத்தைப் பற்றி எழுதும்போது எனக்குச் சற்று ஓரவஞ்சனை வருவது உண்மை. அகன்ற சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகள் எங்கள் வீட்டுத் திண்ணையை நினைவூட்டுகின்றன. பவானி ஜமக்காளத்துக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தரையில் விரிக்கப்பட்டது போக, இப்போது பைகளாகவும் அது தோளேறுகிறது. குறுக்கே ஓடும் தடித்த ஊடை நூல், நெடுக்கே ஓடும் பாவு நூலை முழுவதும் மூடிவிடும்படி நெய்யப்படுவதால் அந்தத் துணிக்கு விறைப்பூட்டும் பக்ரமும் வேண்டாம், உள்துணியும் வேண்டாம்; பை தானாகவே நிமிர்ந்து நிற்கும். ஆனால் கத்தரி பட்ட மறுகணமே அந்த ஊடை உதிரத் தொடங்கும். வெட்டுவதற்கு முன்பே, வெட்டுக்கோட்டின் இரு பக்கமும் நெருக்கமாக இரண்டு வரிசை தையல் ஓட்டிவிட வேண்டும். பிறகு உள்ளோரம் முழுவதையும் மூடிப் பருத்தித் துணியில் பைப்பிங் போட வேண்டும். இயன்றவரை, நெய்த கரையே பையின் வாயாக அமையும்படி துணியைத் திருப்பிப் போடுவது புத்திசாலித்தனம். அங்கே மடிக்கவே தேவையில்லை. வாருக்கு இத்துணி ஆகவே ஆகாது. நான்கு மடிப்பாக மடித்த ஜமக்காளத்தை வீட்டு இயந்திரம் ஏற்காது. கடைத்தெருவில் ஒரு தையற்காரரிடம் கொண்டுபோனேன், தொட்டுப் பார்த்துவிட்டு, “அக்கா, இதைச் செருப்பு தைக்கிறவர்கிட்ட கொடுங்க” என்றார்.

ஐப்பசி மழை கோத்தகிரிப் பக்கத்துக்குத் தாராளமாக வருவது. அப்படியொரு வாரத்தில் மூன்று பைகளையும் நன்றாக நனைத்து, ஒரே கொடியில், தாழ்வாரத்துக்கு அடியில் தொங்கவிட்டுப் பார்த்தேன். கித்தான் பை மறுநாள் மாலை தொட்டால் குளிர்ச்சி மட்டுமே இருந்தது. ஜீன்ஸ் பை அதற்கு அடுத்த நாளும் மூலைகளில் ஈரமாக இருந்தது. ஜமக்காளம் நான்காம் நாள் அடுப்பங்கரைக்கு இடம் மாறியது, அதன் பிறகுதான் காய்ந்தது. வெயில் காயும் ஊரில் இந்த வேறுபாட்டுக்குப் பொருளே இல்லை. அங்கே ஜமக்காளப் பையை மூன்றில் முதலாவதாகச் சொல்லவும் தயங்கமாட்டேன். ஆனால் இது மலையைப் பற்றிய ஒப்பீடு.

நனைந்த பிறகு காய்வதைவிட நனையாமலே இருப்பது மேலல்லவா என்ற கேள்வி எழும். கித்தானுக்குத் தேன்மெழுகு பூசலாம். தேன் எடுப்பது பழங்குடிகளின் தொழிலாக இன்னும் தொடரும் இம்மலையில் நல்ல மெழுகுக்குப் பஞ்சமில்லை. கட்டியைத் துணியில் அழுத்தித் தேய்த்து, மேலே பழைய செய்தித்தாளைப் போட்டு இளஞ்சூட்டில் இஸ்திரி ஓட்டினால், 62 முதல் 64 டிகிரி வரை உருகும் மெழுகு இழைகளுக்குள் இறங்கிவிடும். தூறலும் பனிமூட்டமும் அதன்மேல் முத்து முத்தாக நின்று உருண்டோடுவது பார்க்க அழகு. ஆயினும் தனி மெழுகு குளிரில் விறைத்து, மடிப்புகளில் வெள்ளைக் கோடுகளாக வெடிக்கும். சமவெளி வெயிலில் அதுவே பிசுபிசுத்து, சட்டையில் ஒட்டும். வெந்நீரும் சோப்பும் அதன்பின் ஆகாது. மடிப்பில் விழும் கோடுகளைப் பொறுத்துக்கொண்டால், உதகையிலேயே சுற்றுபவருக்கு மெழுகு நல்லது. மலையேறி இறங்குபவருக்கு நான் அடிப்பகுதிக்கு மட்டும் பூசச் சொல்வேன், ஏனென்றால் பேருந்தின் ஈரத் தரையில் படுவது அதுதான். நைலான் துணியைப் பற்றி ஒரு வரி போதும்: சீக்கிரம் காய்கிறது, ஆனால் ஊசித் துளை ஒவ்வொன்றும் ஒழுகுகிறது, பேருந்து வளைவுகளில் தோளில் நில்லாமல் வழுக்குகிறது.

துணிக்கு இணையாகவோ, அதைவிடக் கூடுதலாகவோ முக்கியமானது அமைப்பு. ஜோல்னாப் பையை ஒரு முறை பிரித்துப் பார்த்தவர்கள் அதை எளிமையான பை என்று சொல்லத் துணியமாட்டார்கள். ஒரே நீண்ட பட்டை பையின் அடியைச் சுற்றி, இரு பக்கங்களாக ஏறி, அப்படியே தோள்வாராகத் தொடர்கிறது. முன்னும் பின்னும் இரண்டு சதுரங்கள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சுமை அந்த வளையத்தில் தொங்குகிறதே தவிர, ஏதோ இரண்டு தையல் புள்ளிகளில் அன்று. பெட்டிபோல் தைத்து, மேல் விளிம்பில் வாரைப் பொருத்தும் பையில் முழுச் சுமையும் அந்த இரண்டு புள்ளிகளுக்கே வருகிறது. சதுரம் போட்டு, அதற்குள் பெருக்கல் குறியாகத் தைத்தாலும், அடியில் இன்னொரு துண்டு துணி வைத்துத் தைக்காவிட்டால் நாளடைவில் அங்கேதான் பிய்யும். ஆனால் 14 அங்குல அகலமும் 13 அங்குல உயரமும் உள்ள ஜோல்னாவுக்கு, அடியும் பக்கங்களும் 40 அங்குலம், குறுக்காகப் போட்டுக்கொள்ள வார் 48 அங்குலம், தையலுக்கு ஓர் அங்குலம் என 89 அங்குலத்தில் ஒட்டில்லாத ஒரே பட்டை வேண்டும். இரண்டேகால் மீட்டர் வாங்கி, நனைத்துச் சுருக்கிய பிறகு, அதுவும் சற்றுப் போதாது. அத்துடன் ஜோல்னாவின் வாய் எப்போதும் திறந்தே இருக்கும்.

திறந்த வாய் என்பது மலை ரயிலில் சிறிய விஷயமன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் நீராவி வண்டி ஹில்குரோவ் நிலையத்தில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது, பயணிகளைப் பரிசோதிக்கும் வேலையைக் குரங்குகள் எடுத்துக்கொள்கின்றன. மூடி போட்ட பையும் அவற்றுக்கு ஒரு பொருட்டன்று. வெல்க்ரோவைப் பிரிப்பது அவற்றுக்குப் பொழுதுபோக்கு. ஒரு முறை எனக்குப் போனது ஒரு பொட்டலம் வர்க்கி பிஸ்கட். 5-ஆம் எண் நைலான் ஜிப் ஒன்றே அவற்றைத் தடுத்து நிறுத்தக் கண்டேன். மூடிக்கு மழையில் மதிப்பு உண்டு, ஜிப்பின் பல்லுக்கிடையே நீர் கசியும் என்பதும் உண்மை. ஆகவே ஜிப்பின் மேல் இரண்டு அங்குல அகலத்தில் ஒரு மடிப்புத் துணி தொங்கவிட்டால் இரண்டும் அமையும்.

அழகுக்காகச் சிலர் முகப்பில், நீலகிரிப் பழங்குடியினரான தோடரின் பூவேலையை நினைப்பார்கள். சிவப்பும் கறுப்புமான அந்த வேலை, வெண்துணியின் இழைகளை எண்ணி எண்ணி, துணியை இழுத்துப் பிடிக்கும் சட்டம் இன்றிச் செய்யப்படுவது. நெருக்கமாக நெய்த கித்தானில் எண்ண இழை அகப்படாது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கைவேலையைப் போலி செய்வதைவிட, தோடர் பெண்களிடமே ஒரு சிறு துண்டு வாங்கி, பையின் உள்பாக்கெட்டின் மேல் வைத்துத் தைப்பது முறை. வெளியே வைத்தால் மழையில் வீணாகும்.

என் நான்காம் பை இப்படி அமைந்தது. உடல் 10 அவுன்ஸ் கித்தான், பெட்டி அமைப்பு, அடிப்பகுதிக்கு மட்டும் மெழுகு. வார் பழைய ஜீன்ஸ். பேண்டின் உள்காலில் ஏற்கெனவே இரட்டைத் தையல் போட்ட மடிப்பு ஓடுகிறது. அதை நடுவே வைத்து இரு கால்களிலிருந்தும் வெட்டிய பட்டைகள் சேர்ந்து, ஒட்டுத் தையல் போக, 59 அங்குலம் தந்தன. அந்த ஒட்டு தோளின் உச்சியில் உறுத்தாதபடி முதுகுப் பக்கம் ஒரு சாண் தள்ளிவைத்தேன். 48 அங்குலம் வாராகப் போக, மிச்சம் இரு பக்கமும் ஐந்தரை அங்குலம் வீதம் பையின் பக்கவாட்டில் இறங்கித் தைக்கப்பட்டது. ஜோல்னாவின் வளையம் முழுமையாகக் கிடைக்காவிட்டாலும், சுமை விளிம்பிலிருந்து கீழே பரவிவிடுகிறது. அங்கு மட்டும் இன்னும் தடித்த 18-ஆம் எண் ஊசி போட்டேன். உள்துணியை வாய் விளிம்பில் மட்டும் பிடித்துவிட்டு, அடியில் கட்டாமல் விட்டிருக்கிறேன். ஊர் திரும்பிய இரவு அதை நாக்குபோல் வெளியே இழுத்துவிட்டுக் கதவின் பின்புறம் மாட்டினால், காலையில் முதல் பேருந்து புறப்படுவதற்குள் பை காய்ந்திருக்கும். ஸ்வெட்டரைத்தான் இன்னும் ஒரு நாள் உலர்த்த வேண்டியிருக்கும்.