பழைய தோட்டக் குளம்: மூடுவதா, பள்ளத்திலேயே திண்ணை கட்டுவதா?

தாமரை போய்ப் பாசி மட்டும் மிஞ்சிய சிமெண்ட் குளத்தை மண் கொட்டி மூடுவது சுலபம்தான், ஆனால் அடித்தளத்தை உடைக்காமல் மூடினால் ஐப்பசி மழையில் தண்ணீர் இறங்க வழியில்லாமல் மேல்மண் சொதசொதவென்று ஆகிவிடும், அப்புறம் அமுங்கவும் செய்யும்.

பள்ளத்திலேயே சுற்றித் திண்ணை கட்டச் செலவு கூடுதல். அடித்தளத்தை அங்கங்கே உடைத்து, நடுவில் குழி வெட்டி, ஒன்றரை அங்குல ஜல்லி நிரப்ப வேண்டும். திண்ணை ஒன்றரை அடி உயரம் இருந்தால் கால் வசதியாகத் தரையில் படும். மேலே கடப்பா கல் மட்டும் வேண்டாம், கறுப்பு என்பதால் சாயங்காலம்கூடச் சுடும். சிவப்புத் தரை ஓடு நல்லது.

களிமண் பூமி என்றால் மூடிவிடுங்கள், தண்ணீர் தேங்கிக் கொசுதான் வரும். மணற்பாங்கான இடமா, நான் திண்ணைதான் கட்டுவேன்.