டைகர் மாத்தா, பைபர் கப்பா? பால்சாவில் எதைக் கட்டலாம்

பால்சா என்னும் லேசான மரத்தில் மாதிரி விமானம் கட்டி ராமநாதபுரம் கடற்கரையில் பறக்கவிடப் போகிறீர்கள் என்றால், முதல் விமானமாக நான் பைபர் ஜே-3 கப்பைத்தான் சொல்வேன். அழகில் டைகர் மாத்துக்கு ஈடில்லை. நிஜ டைகர் மாத் 1931-இல் முதலில் பறந்தது. நம் விமானப்படையும் பயிற்சிக்கு வைத்திருந்தது. ஆனால் அதைக் கட்டுவதில் வேலை அதிகம்.

ஆறில் ஒரு பங்கு அளவில் டைகர் மாத்தின் இறக்கை ஒன்றரை மீட்டர், கப்புக்குச் சுமார் 1.8 மீட்டர். சின்னதுதானே என்று நினைக்காதீர்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு இறக்கைத் துண்டுகள். மேல், கீழ் இறக்கைகளின் கோணம் கொஞ்சம் பிசகினாலும் விமானம் நேராகப் போகாது. அப்புறம் இறக்கைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டும் கம்பிகள். உப்புக்காற்றில் சாதாரண இரும்புக் கம்பி சீக்கிரமே துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பிதான் சரி. ஒவ்வொரு முறையும் அதையெல்லாம் மாட்டிக் கழற்ற வேண்டும்.

கப்புக்கு மேலே ஒற்றை இறக்கை, பக்கத்துக்கு ஒரு வி வடிவத் தாங்கி, அவ்வளவுதான். நிஜ விமானத்தைப் போலவே தடித்த டயர் போடலாம். இறுகிய மணலில் நன்றாக உருளும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் இரண்டுமே திணறும். விடியற்காலையில் பறக்கவிடுங்கள்.

உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத் தளம் இருக்கிறது. அதனால் எதைக் கட்டினாலும், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் உங்கள் இடத்தைப் பார்த்து, அனுமதி தேவையென்றால் முதலில் அதை வாங்கிவிடுங்கள்.